மழை பெய்தால் சிவக்கும் முகம்

"ஆ காட்டுங்க."

ஆல்வின் வாயைத் திறந்தான். கைப்பேசியின் வெளிச்சம் முதலில் நாக்கின் மேல் விழுந்தது. நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடியில் தேடியது. இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே நுழைந்தது. பிறகு வலது பக்கம் வந்தது. பிரிசில்லாவிடம் அவசரம் என்பதே கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் மேசையில் பதினான்கு ஆண்டுகளாக நிற்பவள் அவள். தையல் பிசகோ தோல் சுருக்கமோ அவள் விரலைத் தாண்டிப் போனதாகப் பேச்சில்லை. குறை கண்ட இடத்தில் வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அந்த ஷூவை ஒதுக்கிவிட்டு, அடுத்ததைக் கையில் எடுப்பாள். கணவனின் வாயையும் அதே சிரத்தையோடுதான் பார்த்தாள்.

"முழுங்கியாச்சு. இன்னும் இன்னா பாக்குற? உள்ள எறங்கிப் பாக்கப் போறியா?"

"எறங்க வழி இருந்தா எறங்கியிருப்பேன். பேசாதீங்க, லைட் ஆடுது."

வெளிச்சம் அணைந்தது. அவள் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் ஒரு டிக் அடித்தாள். அதன் பிறகு செய்ததைத்தான் ஆல்வினால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்வையை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். வானத்தில் மேகம் இருந்தால் அவள் நெற்றியில் ஒரு கோடு விழும். அன்று மேகம் இல்லை. கோடும் இல்லை.

குடியை விட்டு எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. அதை நம்புவதற்கு உலகத்தில் ஆல்வினைத் தவிர ஓர் ஆள்கூட இல்லை.

குறை சொல்லவும் அவனுக்கு முகமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் குடித்தவன். பேரணாம்பட்டு சாலையில் வண்டியோடு விழுந்து கடைவாய்ப் பல் ஒன்றைத் தொலைத்தவன். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று அவளைப் பள்ளியில் விடுவதாகச் சொல்லிவிட்டுக் கடை வாசலில் கிடந்தவன். ஆகஸ்ட் மாதக் கடைசியில், காசில்லாமல் இரண்டு நாள் குடிக்காதிருந்தபோது, கை நடுங்கி, வியர்த்து, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தியவனைப் பிரிசில்லாவும் அவள் தம்பியும் ஆட்டோவில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் பத்து நாள். நடுக்கத்தை அடக்க முதலில் நிறைய மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, எறும்புகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சௌமியா இன்னொரு மாத்திரையை எழுதினார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த இளம் டாக்டர். கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்காரவைத்து நிறுத்தி நிதானமாக விளக்கினார்.

"இது ஆசையைக் குறைக்கிற மாத்திரை கிடையாது. காவல்காரன் மாதிரி. இத சாப்பிட்டுட்டு ஒரு வாய் குடிச்சாலும் முகம் செவந்துரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். உயிருக்கே ஆபத்தாக் கூடப் போகலாம். அந்தப் பயத்துலயே குடிக்க மாட்டீங்க. மாத்திரைய நிறுத்துனாலும் ரெண்டு வாரம் உடம்புல வேலை செய்யும். சம்மதமா?"

ஆல்வின் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்கு, "கம்பெனியில மெஷின் ஆப்பரேட்டர், மேடம்," என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். ஆம்பூரில் கம்பெனி என்றால் தோல்தான். அதற்கு மேல் விளக்கவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, பிரிசில்லாவுக்கும் தோன்றவில்லை. தூத்துக்குடி டாக்டர் எந்தக் கம்பெனியை நினைத்துக்கொண்டாரோ, அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். எதையெல்லாம் தவிர்க்கவேண்டும் என்ற பட்டியல்: இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து, ஷேவிங் லோஷன், சென்ட், சானிடைசர், பெயின்ட், வார்னிஷ், தின்னர் வாடை. பிரிசில்லா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, ஒரு வரி விடாமல் நிறைவேற்றினாள். லோஷன் பாட்டில் குப்பைக்குப் போனது. வினிகர் ஊற்றிய ஊறுகாயைக்கூடச் சந்தேகத்தின் பேரில் எதிர்வீட்டு ஜெயம்மாளுக்குக் கொடுத்தாள். திருவிருந்துக்கு வைக்கும் திராட்சை ரசம் புளித்ததா, புளிக்காததா என்று ஆயரிடமே போய்க் கேட்டாள். கடையில் வாங்கும் ஜூஸ்தான் அம்மா என்றார் அவர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு அடிக்கும் பெயின்டை இந்த ஆண்டு நிறுத்திவிட்டாள். நவம்பர் பிறந்ததும் தெருவில் மற்ற வீடுகள் புது நிறத்துக்கு மாறியபோது அவர்கள் வீட்டுச் சுவர் மட்டும் போன ஆண்டு மழைக்கறையோடு நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம், "அவருக்கு வாடை ஆகாது," என்று பதில் சொன்னாள். இத்தனை தூரம் கவனமாக இருப்பவளிடம் போய் எதைச் சொல்வது?

முதல் தடவை அக்டோபர் நடுவில் நடந்தது. மழை நாள். ஆல்வின் வேலை செய்வது தோலுக்குக் கடைசிப் பளபளப்பு ஏற்றும் பிரிவில். கன்வேயரில் தோல் விரிந்து வர, மேலே சுழலும் ஸ்பிரே துப்பாக்கிகள் லேக்கரைத் தூவும். பதினாறு ஆண்டுகளாக அவன்தான் அந்த ஸ்பிரே மெஷினை ஓட்டுகிறான். பதினொரு மணிவாக்கில் காது சூடானது. பிறகு கழுத்து, கன்னம். நெஞ்சுக்குள் யாரோ ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. கழிவறைக் கண்ணாடியில் பார்த்தான். மிளகாய்ப் பழம் மாதிரி ஒரு முகம். காய்ச்சல் என்று சொல்லி அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த பிரிசில்லா கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"எங்க குடிச்ச?"

"சத்தியமா குடிக்கல, பிரிசி."

"போன வருஷம் ஈஸ்டருக்கும் இதே சத்தியம்தான். வார்த்தையக்கூட மாத்தத் தெரியல உனக்கு."

அதுதான் கொடுமை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் சொன்ன பொய்க்கும் இப்போது சொல்லும் உண்மைக்கும் ஒரே வார்த்தைகள். புதிதாக ஒரு வாக்கியம் செய்யலாமென்றால், குடிக்காதவன் குடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு என்னதான் சொல்வான்?

இரண்டாவது தடவை நவம்பர் முதல் வாரம். அன்றும் மழை. இந்தத் தடவை அவன் கழிவறைக்குப் போவதற்குள் ஃபோர்மேன் மஹபூப் பாஷா பார்த்துவிட்டார். ஐந்து வேளை தொழுகை தவறாதவர். சிகரெட் வாடைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வா இப்படி," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு கேட்டுக்கு நடத்திப்போனார். அங்கே செக்யூரிட்டி துரைசாமியிடம் ஊதிப் பார்க்கும் கருவி இருந்தது. போன வருடம் யாரோ குடித்துவிட்டு லாரியை மதிலில் மோதியதிலிருந்து கம்பெனி வாங்கி வைத்தது. ஆல்வின் ஊதினான். கருவி கூவியது. முப்பத்தைந்து என்று காட்டியது.

"இன்னாப்பா ஆல்வின்," என்றார் பாஷா. கோபம்கூட இல்லை, சலிப்புதான். "ஆஸ்பத்திரி, மாத்திரை, லீவு, அட்வான்ஸு. எல்லாம் பண்ணிக் குடுத்தோம். மழைன்னா கட்டுப்படுத்த முடியலியா?"

"பாய், நான் குடிக்கல பாய்."

"மெஷின் பொய் சொல்லுதா?"

துரைசாமி பதிவேட்டில் பெயர் எழுதினார். மூன்று நாள் வேலையில்லை. இன்னொரு தடவை பெயர் ஏறினால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அன்று மாலை பிரிசில்லாவும் சொன்னாள். சத்தம் போடாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "மழை பேஞ்சா உனக்குக் குளிருது. குளிர்னா குடிக்கிற. எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னொரு தபா செவந்த மூஞ்சியோட வந்து நின்னா, நானும் பாப்பாவும் காட்பாடிக்கு அம்மா வூட்டுக்குப் போய்டுவோம். பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ. அவ படிக்கணும்."

மாத்திரை காவல்காரன் என்றார் டாக்டர். இந்தக் காவல்காரன் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனையே பிடித்துக் கொடுக்கிறானே என்று ஆல்வினுக்கு எரிந்தது. மூன்று நாளும் கட்டிலில் கிடந்து யோசித்தான். ஒரு கட்டத்தில் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தனக்குத் தெரியாமல் தானே குடித்துவிடுகிறோமோ என்று அஞ்சினான். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தான். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இந்த மாத்திரை அவனைச் சிவக்கவைக்கும். மாத்திரை இல்லாவிட்டால் சிவக்கமாட்டான். அப்படியானால், குடிக்காதவன் என்று பெயரெடுக்க ஒரே வழி மாத்திரையை ஏமாற்றுவதுதான்.

நான்காம் நாள் காலையில்தான் அந்த 'ஆ காட்டுங்க.' பிரிசில்லா நாக்கின் மேலும் கீழும் பார்த்தாள், பக்கங்களில் பார்த்தாள். மேல்வரிசையில், பேரணாம்பட்டு சாலையில் தொலைந்த கடைவாய்ப் பல்லின் குழிக்குள் அவள் பார்க்கவில்லை. தினமும் பார்க்கும் வாயில் அப்படி ஒரு பள்ளம் இருப்பதே அவள் மனதில் பதிந்திருக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் ஆல்வின் எச்சிலில் நனைந்த மாத்திரையை எடுத்து ஒரு தாளில் மடித்து, சாப்பாட்டுப் பையின் வெளிப்பக்க ஜிப்புக்குள் போட்டான். எறிந்துவிடலாம்தான். ஏனோ கை வரவில்லை.

பதினைந்து நாள் இப்படியே போனது. பதினைந்து நாளும் நல்ல வெயில். பையில் பதினைந்து மடிப்புத் தாள்கள் சேர்ந்தன.

நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக் கடலில் புயல் என்றார்கள். மறுநாள் காலையிலிருந்தே பெய்தது. பிரிசில்லா ஜன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நெற்றியில் கோட்டோடு வேலைக்குப் போனாள்.

கம்பெனியில் ஒரே பேஜாராக இருந்தது. ஏற்றுமதி லாட் இரண்டு நாளில் போகவேண்டும். காற்றில் ஈரம். ஸ்பிரே ஆகி வரும் தோல் காயாமல், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பாஷா அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். துப்பாக்கியிலிருந்து வரும் லேக்கர் மெல்லிசாக இருப்பதாகப் பட்டது ஆல்வினுக்கு. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, லேக்கர் கலக்கும் அறைக்குப் போனான். சாதாரணமாக அவன் அங்கே போவதில்லை. கலவை குழாய் வழியாக மெஷினுக்கு வந்துவிடும். உள்ளே கலவை போடும் செந்தில்குமார் ஒரு கேனைச் சாய்த்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தான். நீலச் சாயம் போட்ட தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

"அது இன்னாடா?"

"ஸ்பிரிட்டுண்ணா. காயலன்னு பாய் கத்துறாருல்ல. இத ஊத்துனா சர்ருனு காயும்."

"எப்பவும் ஊத்துவியா?"

"எப்பவும் எதுக்கு? வெயில்னா வெறும் தண்ணி லேக்கரே போதும். மழைன்னாதான். ஏண்ணா, நீ பதினாறு வருஷமா இத அடிக்கிற, ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பதினாறு ஆண்டுகளில் அந்த மூக்குக்கு எல்லா வாடையும் ஒரே வாடையாகிவிட்டது. அதற்கு மேல், பன்னிரண்டு ஆண்டுகள் அவன் மூச்சிலேயே அந்த வாடைதான். வெளியிலிருந்து வருவதை எப்படிப் பிரித்தறிவது?

ஆல்வின் கேனையே பார்த்தபடி நின்றான். மழை வந்தால் ஸ்பிரிட். ஸ்பிரிட் காற்றில் கலந்தால் மூச்சில். மூச்சில் போனால், மாத்திரை உள்ளே உட்கார்ந்துகொண்டு, இதோ குடித்துவிட்டான் என்று மணி அடிக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் கண்முன் வந்தது. பெயின்ட், வார்னிஷ், தின்னர் வாடை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காமல் ஊர் வாயில் விழுந்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தோலுக்குப் பெயின்ட் அடிப்பவனுக்கு அது ஒரு தடவையாவது உறைத்ததா? தோலுக்கு ஏற்றுவதை இந்த ஊரில் யாரும் பெயின்ட் என்று நினைப்பதே இல்லை. அது வேலை.

சிரிக்கவேண்டும்போல் இருந்தது. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. அன்று முழுவதும் ஸ்பிரிட் கலந்த லேக்கரையே அடித்தான். முகம் சிவக்கவில்லை.

மாலையில் மழை விட்டபாடில்லை. பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் அவன் வழக்கமாகக் குடித்த மதுக்கடை. நனையாமலிருக்க அதன் ஓட்டுக்கூரைக்குக் கீழே நாலு பேரோடு ஒதுங்கினான். உள்ளேயிருந்து கண்ணாடி உரசும் சத்தம் வந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இவ்வளவு நாள் இந்த வாசலைத் தாண்டிப் போகும்போது அவன் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனால் செத்துவிடுவோம் என்ற பயம் அவனுக்குப் பதிலாக நடந்துவிடும். இன்று உடம்புக்குள் அந்தக் காவல்காரன் இல்லை. ஒரு குவார்ட்டர் அடித்தாலும் முகம் சிவக்காது. வீட்டுக்குப் போனால் பிரிசில்லா நம்புவாள். இத்தனை நாள் குடிக்காமல் பட்ட அவமானத்துக்கு ஒரு நாள் குடித்தால்தான் என்ன என்று ஒரு நியாயம், யாரோ எழுதிவைத்ததுபோல் வரிசையாக வந்தது.

"இன்னா தலைவா, வெளியவே நிக்கிற? உள்ள வா, நனையாத," என்றான் முன்பு கூடக் குடித்த ஒருவன்.

ஆல்வினின் வலது கால் ஒரு படி ஏறியிருந்தது. அதை அவன் கவனித்தது அப்போதுதான். காலை இறக்கினான். கொட்டும் மழையில் பஸ்ஸுக்கும் நிற்காமல் வீடு வரை நடந்தான்.

பிரிசில்லா வாசலிலேயே நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தவனைக் குழல் விளக்குக்குக் கீழே நிறுத்தினாள். தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். விரலால் கன்னத்தின் சூட்டைப் பார்த்தாள்.

"மழை பேஞ்சும் குடிக்கல நீங்க," என்றாள். துண்டை எடுத்து அவளே தலையைத் துவட்டினாள். "மீன் வாங்கி வெச்சிருக்கேன். எதுக்கும் பாப்போம்னுதான் இன்னும் கொழம்பு வைக்கல."

முகம் சிவந்திருந்தால் மீனைக் குழம்பு வைக்காமல் ஜெயம்மாளுக்கே கொடுத்திருப்பாள் என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. குடிக்காமலிருந்து மாத்திரையையும் விழுங்கிய இரண்டு நாள் அவனைக் குடிகாரன் என்றவள், ஏமாற்றிவிட்டுக் கடைப்படியில் கால் வைத்த நாளில் மீன் குழம்பு வைக்கிறாள். ஆல்வினுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தான். தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்துபோய்ப் பையின் ஜிப்பைத் திறந்து, சேர்ந்திருந்த தாள்களையெல்லாம் அவள் முன்னால் கொட்டினான்.

அவள் ஒன்றைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள்.

"எங்க வெச்சிருந்த?" என்றாள். 'நீ' திரும்பிவிட்டது.

அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினான். அவள் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள். பதினான்கு ஆண்டு செக்கிங் மேசையில் நின்றவளுக்கு அது தாங்கமுடியாத அடிதான். பிறகு ஆல்வின் ஸ்பிரிட் கேனைச் சொன்னான், மழையைச் சொன்னான், ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினான். கடைசியில் கடைப்படியையும் சொன்னான். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றதையெல்லாம் நம்பவைக்க அதுவும் தேவை என்று பட்டது.

அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைப் பிய்த்து எடுத்து, ஏழாவது தடவையாகவோ எட்டாவது தடவையாகவோ வாசித்தாள்.

"சொவத்துக்கு அடிக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "நீ எங்க வேலை செய்யறன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் தோல்லதான இருக்கோம்? ரெண்டு பேருக்கும் தோணலியே." பிறகு, "நீ சொல்றது நெசமா இருக்கலாம். இன்னொரு நல்ல கதையாவும் இருக்கலாம். ஒரு ஷூவப் பாத்து லாட்ட பாஸ் பண்ண மாட்டேன். நாளைக்கு நான் வர்றேன்."

மறுநாளும் மழை. அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, உணவு இடைவேளைக்குச் சற்று முன்னால் அவள் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். கையில் அந்தத் தாள். பாஷாவைக் கூப்பிடச் சொன்னாள். அவர் ஸ்பிரே மெஷின் பக்கத்திலிருந்து நேராக வந்தார். காலையிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஆல்வினும் பின்னால் வந்தான்.

"பாய், இவரு குடிக்கலன்னு சொல்றாரு. ஸ்பிரிட் வாடைதானாம்."

"அம்மா, வாடைல எவனுக்காவது போதை ஏறுமா? மெஷின் காட்டுச்சு. முப்பத்தஞ்சு."

"போதை ஏறுச்சுன்னு சொல்லல பாய். மெஷின் ஏறுச்சுன்னு சொல்றேன். நீங்க ஒரு தபா ஊதுங்க."

பாஷாவின் முகம் மாறியது. "நானா? எங்க வம்சத்துலயே அத தொட்டவன் கெடையாது. இன்னாம்மா பேசுற?"

"அதுக்குத்தான் கேக்குறேன். தொடாதவரு ஊதுனாத்தான தெரியும்."

செக்யூரிட்டி துரைசாமி கருவியை எடுப்பதா வேண்டாமா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தயங்கியதுதான் பாஷாவுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. கருவியைப் பிடுங்கி, வாயில் வைத்து, ஒரே மூச்சாக ஊதினார்.

கூவியது. இருபத்தொன்பது.

பாஷா கருவியைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். தூரத்தில் நிற்கும் யாராவது பார்த்துவிட்டார்களா என்றும் பார்த்தார். துரைசாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "பாய், ரூல்படி பேர் எழுதணும். எழுதவா?" என்று பணிவாகக் கேட்டார்.

"எழுதித் தொல," என்றார் பாஷா. "எனக்கு மேல அவன் பேர் இருக்குல்ல, ரெண்டயும் சேத்து கோடு போட்டு அடிச்சிடு." பிறகு ஆல்வினின் தோளில் கை வைத்தார். "தோல் தேய்க்கிற பஃபிங் செக்‌ஷன்ல ஆள் கம்மியா இருக்கு," என்றார். "தூசி ஜாஸ்தி. ஸ்பிரிட் கெடையாது. சம்பளம் கொஞ்சம் எறங்கும். யோசிச்சுச் சொல்லு."

புதன்கிழமை வேலூரில் டாக்டர் சௌமியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்பிரே பெயின்டிங்கா? இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கம்பெனின்னு சொன்னேனே மேடம்."

"கம்பெனின்னா? நான் ஏதோ ஃபேக்டரில பட்டன் அமுத்துறீங்கன்னு நெனச்சேன். நானாவது கேட்டிருக்கணும்." அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சரி. மாத்திரையே போடாம ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வேற மாத்திரை. அது குடிக்கிற ஆசையைக் கொறைக்கும். வாடைக்குச் செவக்காது. குடிச்சாலும் செவக்காது. ஸ்பிரே வேலையிலயே இருக்கலாம். இல்லன்னா பழைய மாத்திரை, ஆனா ஸ்பிரே பக்கமே போகக் கூடாது."

"மாத்திடுங்க மேடம்," என்றாள் பிரிசில்லா உடனே.

"வேணாம் மேடம்," என்றான் ஆல்வின்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் வேணாம்?" என்றாள் அவள். "டெய்லி காலைல லைட்டப் புடிச்சுக்கினு வாயப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. மழை வந்தா நெஞ்சு அடிச்சிக்குது. சம்பளமும் கொறையாது. செவக்காத மாத்திரை இருக்குன்றாங்கல்ல?"

"செவக்கலன்னா நீ இன்னா வெச்சு நம்புவ?"

"நம்பித்தான் ஆவணும்."

"நீ நம்பிடுவ. அன்னிக்கும்தான் நம்பின, மீன் வாங்கி வெச்ச." ஆல்வின் டாக்டரின் பக்கம் திரும்பினான். "மேடம், அந்தக் கடைப்படில என் காலு தானா ஏறுச்சு. நான் ஏத்தல. உள்ள அது இருந்தா ஏறியிருக்காது. ஆசை கொறைஞ்சா பத்தாது மேடம், எனக்குப் பயம் வேணும். தூசியே மேலு."

"நாளெல்லாம் மாத்திரையத் திட்டிக்கினு இருந்தது யாரு?" என்றாள் பிரிசில்லா.

"நான்தான். இன்னும் திட்டுவேன்."

"ஒரு முடிவுக்கு வாங்க," என்றார் டாக்டர். "வெளிய இருபது பேர் காத்திருக்காங்க."

பிரிசில்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி, "அவரு இஷ்டம்," என்றாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். பட்டியல் தாளில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: தோல் கம்பெனியில் ஸ்பிரே வேலை.

சனிக்கிழமை காலை. மழை விடவில்லை. பஃபிங் பிரிவில் ஆல்வினுக்கு அன்று முதல் நாள். பிரிசில்லா மாத்திரையைக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள்.

"ஆ காட்டுங்க."

நாக்கின் மேல். நாக்கின் அடியில். இடது கன்னம், வலது கன்னம். வெளிச்சம் அணைந்தது. அவள் காலண்டர் பக்கம் திரும்பினாள். ஆல்வின் வாயை மூடவில்லை. திறந்தபடியே நின்றான்.

"இன்னா?" என்றாள்.

அவன் விரலால் மேலுதட்டைத் தூக்கி, குழறிய குரலில் சொன்னான். "மேல பாக்கலியே நீ. அங்கதான ஒளிச்சு வெச்சேன்? இன்னா செக்கிங் பண்ற?"

"வேலைக்கு நேரமாவுது. புதன்கிழமதான் ரத்தம் குடுத்தீங்க. நான் நம்புறேன், மூடுங்க."

"பாருன்றேன்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். கைப்பேசி வெளிச்சத்தை மறுபடி போட்டு, சுண்டுவிரலை அவன் வாய்க்குள் விட்டு, அந்தக் குழியை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விரலை அவன் சட்டையிலேயே துடைத்தாள்.

"பாஸ்," என்றாள். "போங்க. பஸ் போய்டும்."